ஒரு ஜாக்கிக்கு இரண்டு மதிப்பெண்

ஆவூர் சந்தனசாமி முப்பத்தோரு வருடம் பஸ்களில் ஏறி இறங்கினார். அதில் ஒரு நாள்கூட எங்காவது போய்ச் சேருவதற்காக ஏறியதில்லை. அவர் டிக்கெட் பரிசோதகர். கீரனூர் ஸ்டாப்பில் கக்கத்தில் குடையோடு அவர் நிற்பது தெரிந்தால் கண்டக்டர்கள் அவசரமாகப் பையைத் துழாவுவார்கள். டிக்கெட் எடுத்த பயணிகளும் எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை, ஒரு ஸ்டேஜுக்கு டிக்கெட் வாங்கிவிட்டு அடுத்த ஸ்டேஜ் வரைக்கும் உட்கார்ந்திருந்த தன் மைத்துனர் சார்லஸுக்கே அபராதம் எழுதினார். அடுத்த இரண்டு ஈஸ்டருக்கு மனைவி மரிய செல்வியின் பிறந்த வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. அந்த இரண்டு ஈஸ்டருக்கும் மரிய செல்வி வெறும் ரசம் மட்டும் வைத்தார். சந்தனசாமி ரசம் நன்றாக இருந்ததாகச் சொல்லிச் சாப்பிட்டார்.

இப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற வருடம், குளத்தூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த மோரிஸ் மைனர் காரை வாங்கி வந்தார். காரோடு, டயர் மாற்றக் காரைத் தூக்குகிற ஜாக்கி ஒன்றும் வந்தது. அந்தக் காரோடு சேர்த்துச் செய்த அசல் ஜாக்கி, பிடியில் கறுப்பு வண்ணம்கூட உரியாதது. கோழி எச்சத்தைச் சுரண்டி, இன்ஜினைப் பிரித்து மாட்டி, சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடித்து முடிக்க அவருக்கு மூன்று வருடம் ஆனது. கார் ஓடத் தொடங்கிய அதே வருடம், புதுக்கோட்டையில் பழைய கார்க்காரர்கள் சேர்ந்து ஆண்டுக்கொரு காட்சி நடத்த ஆரம்பித்தார்கள். பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிறு, திருமயம் சாலையில் ஒரு மைதானம், பதினைந்து பதினாறு கார்கள். சங்கச் செயலாளர் நாராயணன், பல் டாக்டர்.

இந்தக் காட்சிக்கு ஏன் போகிறார்கள் என்பது போகாதவர்களுக்கு விளங்காது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் தாத்தாவும் இதே கார்தான் வைத்திருந்தார் என்பார்கள். மீதிப் பேர் மைலேஜ் எவ்வளவு என்று கேட்பார்கள். சிலர் கைக்குழந்தையைக் கேட்காமலே பானெட் மேல் உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். இத்தனையும் பொறுத்துக்கொண்டால், நான்கு மணிக்கு ஒருவருக்குக் கோப்பை கிடைக்கும், மற்றவர்களுக்கு வயிற்றெரிச்சல் கிடைக்கும்.

வயிற்றெரிச்சலில் முதலிடம் சந்தனசாமிக்கு. சென்னையிலிருந்து தொப்பி போட்ட இரண்டு நடுவர்கள் வருவார்கள். காருக்கு மூன்று நிமிடம். கையில் நூறு மதிப்பெண் படிவம். முதல் வருடம் தூசி என்று ஐந்து மதிப்பெண் குறைத்தார்கள். ஆவூரிலிருந்து கீரனூர் வழியாக ஓட்டி வந்த காரில் தூசி இல்லாமல் சந்தனமா இருக்கும் என்று கேட்டார் இவர். இரண்டாம் வருடம் பானெட்டில் வெள்ளைப் புள்ளிகள் என்று மூன்று மதிப்பெண். பங்குச் சாமியார் காரை மந்திரித்துத் தெளித்த தீர்த்தம் அது. ஆவூர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். ‘மேற்படி புள்ளிகள் கறை அல்ல, ஆசீர்வாதம்’ என்று செயலாளருக்குக் கடிதம் எழுதினார். அதிலிருந்து வருடம் தவறாமல் ஒரு கடிதம் போனது. எல்லாம் விதி எண் குறிப்பிட்டு, நகல் எடுத்து, பதிவுத் தபாலில்.

மூன்றாம் வருடம்தான் ஜாக்கி விவகாரம்.

ராம்நாத் திருமயத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர். சென்னையில் வியாபாரத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, பூர்வீக வீட்டுக்கு வந்து தங்கியவர். நெட்டையான ஆள். அவரிடம் ஒரு ஃபியட், பால் வெள்ளை, தரையில் ஓடிய கார் என்றே சொல்ல முடியாது. இருபது கிலோமீட்டர் தூரத்துக்கு அதை லாரியில் ஏற்றி, கம்பளி போர்த்தி, மணமகளை இறக்குவதுபோல் மைதானத்தில் இறக்குவார். அந்த வருடம் காட்சிக்கு முதல் நாள் அவர் ஆவூருக்கே வந்து, தன் ஜாக்கி சென்னை வீட்டில் மாட்டிக்கொண்டது, ஒரு நாளைக்குக் கொடுங்கள் என்று கேட்டார். சந்தனசாமியும் கொடுத்தார். மறுநாள் நடுவர்கள் ஃபியட்டின் டிக்கியைத் திறந்து, ஜாக்கி இருக்கிறது என்று டிக் அடித்து இரண்டு மதிப்பெண் போட்டார்கள். அடுத்து மோரிஸின் டிக்கியைத் திறந்தார்கள். ஜாக்கி எங்கே என்றார்கள். அந்தக் காரில் இருக்கிறது என்று இவர் கையைக் காட்டினார். ஒரு நடுவர் அந்தப் பக்கம் பார்த்தார், பிறகு படிவத்தில் ‘ஜாக்கி இல்லை’ என்று எழுதினார்.

ஃபியட் ஒரு மதிப்பெண்ணில் முதலில் வந்தது.

அந்த ஜாக்கி திரும்பி வரவில்லை. கேட்கும்போதெல்லாம், “குடுத்துருவோம் செக்கரே, ஓடியா போகப்போகுது” என்பார் ராம்நாத். ஃபியட் தொடர்ந்து ஐந்து கோப்பை வாங்கியது. மோரிஸுக்கு ஐந்து வருடமும் இரண்டு மதிப்பெண் போனது. வேறு ஜாக்கி வாங்கிக்கொள்ளச் சொன்னால், என்னுடையது இருக்கும்போது நான் ஏன் வாங்க வேண்டும் என்பார் சந்தனசாமி. அந்த இரண்டைக் கூட்டினாலும் ஏழாவது இடம் ஆறாவது ஆகும், அவ்வளவுதான். இதை மரிய செல்வி மட்டும் வாய்விட்டுச் சொல்வார்.

ஆனால் மதியம் ஒரு மணிக்கு இருவரும் மைதானத்து வேப்பமரத்தடியில் மடக்கு நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். மரிய செல்வி கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோற்றில் பாதி ராம்நாத்துக்கு, அவர் கொண்டுவரும் சீயப் பலகாரத்தில் பாதி இவருக்கு. சாப்பாடு முடியும்வரை சண்டை. லாரியில் வருகிற கார் காரே இல்லை, அது சாமான் என்பார் இவர். தூசியோடு வருவதற்கு மாட்டுவண்டி போதுமே என்பார் அவர். கடிதம் போனதும் நாராயணன் அதன் நகலை ராம்நாத்துக்கு அனுப்புவார்; ராம்நாத் ஒரு மணி நேரம் போனில் இவருக்கு மறுப்புச் சொல்வார். வருடம் முழுவதற்கும் அவர்களுக்கு அது போதும்.

போன ஆகஸ்டில் ராம்நாத் காலையில் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

துக்க வீட்டில் சென்னைக்காரர்கள் நிறைய இருந்தார்கள். சந்தனசாமிக்கு யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. முற்றத்து ஓரமாக நின்றார். அங்கிருந்து பார்த்தால் கார் ஷெட் தெரிந்தது.

“கேதம் கேக்க வந்த எடத்துல கண்ணு எங்கிட்டுப் போவுது பாருங்க” என்று மரிய செல்வி அவர் முழங்கையைக் கிள்ளினார்.

அவர் ஜாக்கியை நினைக்கவில்லை என்று சத்தியம் செய்தார். பாதி நினைத்தார் என்பதுதான் உண்மை.

இந்த வருடக் காட்சிக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தார். யாரோடு சண்டை போடுவது? ஆனால் ராம்நாத்தின் மகள் அர்ச்சனா போன் செய்தாள். காரை அடுத்த மாதம் சென்னைக்கு அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். அதற்கு முன் கடைசியாக ஒருமுறை காட்சிக்கு வைக்க ஆசையாம். சந்தனசாமி மோரிஸை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் மரிய செல்வியையும் உட்கார வைத்துப் போனார்.

போனால், நடுவர்கள் வரவில்லை. அவர்கள் வந்த புத்தம் புதிய கார் பெரம்பலூரைத் தாண்டி நின்றுவிட்டது. அறுபது எழுபது வயதுக் கார்கள் பதினாறும் வந்து சேர்ந்துவிட்டன. நாராயணன் வியர்த்துப்போய் சந்தனசாமியிடம் வந்தார். சங்கத்தில் எல்லா விதியும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான், ஆறு கடிதம் எழுதியிருக்கிறீர்களே என்றார். மோரிஸைப் போட்டியிலிருந்து விலக்கிவிட்டுப் படிவத்தை அவர் கையில் கொடுத்தார்கள்.

முதல் காரில் அவருக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மூன்றாவது காரில் நடுவர்களின் தொப்பி எதற்கென்று புரிந்தது. வெயில் மட்டையடி அடித்தது. ஐந்தாவது காருக்கு வந்தபோது பின்னால் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் மோர் கொடுத்தார், ஒருவர் விசிறினார், ஒருவர் தன் மாமா கீரனூர் டிப்போவில் இவரிடம் வேலை பார்த்தவர் என்றார். சந்தனசாமி மோரை வாங்கிக் குடித்துவிட்டு, மோர் கொடுத்தவரின் காரில் சைலன்சர் அசல் இல்லை என்று நான்கு குறைத்தார். ஒரு காருக்குப் பதினெட்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். தரையில் படுத்து அடியில் டார்ச் அடித்தார். தூசி படிந்த ஒரு ஜீப்புக்கு, தூசி என்று மூன்று குறைத்து எழுதிவிட்டுச் சற்று நேரம் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பொன்னமராவதி ஆவுடையப்பன் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய கறுப்பு அம்பாசிடருக்கு எண்பத்து நான்கு வந்தது. அவர் வீட்டுப் பெண்கள் ஒரு வேன் நிறைய வந்து நிழலில் காத்திருந்தார்கள். கடைசியாக மிச்சமிருந்தது ஃபியட்.

அதன் பக்கம் நடந்தபோது நாராயணன் குரலைத் தாழ்த்திக்கொண்டு கூடவே வந்தார்.

“ராம்நாத் சாருக்கு ஒரு மரியாதை மாதிரி இருக்கட்டுமேன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. ஆவுடையப்பன் சாரே ஒண்ணும் நெனைக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு.”

“அவரு வீட்டம்மா?”

“அவங்கட்ட கேக்கல.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “செவ்வாய்க்கெழம வாங்க, அந்தப் பல்ல முடிச்சுருவோம்” என்றார். சந்தனசாமியின் கடைவாய்ப் பல் அவரிடம் பாதி வேலையில் இருந்தது.

ஃபியட் கண்ணாடிபோல் நின்றது. அர்ச்சனா பக்கத்தில் நின்றாள்; அப்பாவைப் போலவே நெட்டை. இன்ஜின், பெயின்ட், விளக்குகள், இருக்கை என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். குறைக்க இடம் கிடைத்த இடத்தில் குறைத்தார். கூட்டிப் பார்த்தால் எண்பத்து மூன்று. பாக்கி இருந்தது ஜாக்கிக்கு உள்ள இரண்டு மட்டும்.

டிக்கியைத் திறந்தார். ஒரு சிவப்புத் துணியில் சுற்றி, எண்ணெய் போட்டு, அவருடைய ஜாக்கி அவர் வைத்திருந்ததைவிட நன்றாக இருந்தது.

டிக் அடித்தால் எண்பத்தைந்து. கோப்பை ராம்நாத்துக்கு. யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. பேனா படிவத்தின் மேல் நின்றது. முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கை இப்படி நின்றதில்லை. சார்லஸுக்கு எழுதும்போதுகூட நிற்கவில்லை.

அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஃபியட்டின் பக்கவாட்டில் ஜாக்கி மாட்டுகிற துளையில் அதன் கையை நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. திருப்பிப் பார்த்தார். நுழையவில்லை. ஒரு டயர் பஞ்சரானால் இந்தக் காரை ஒரு அங்குலம்கூடத் தூக்க முடியாத ஜாக்கி, ஐந்து வருடமாக ஐந்து கோப்பைக்கு டிக்கியில் படுத்திருந்திருக்கிறது.

“சேரலியா அங்கிள்?” என்றாள் அர்ச்சனா.

“இது மோரிஸ் ஜாக்கிம்மா.”

“தெரியும். ஒங்களோடது. அப்பா சொல்லியிருக்காங்க.” அவள் சிரிப்பை அடக்கினாள். “எப்பவாச்சும் செக்கர் ஜட்ஜா வந்தார்னா நம்ம காரு தொலைஞ்சுதுன்னு சொல்வாங்க.”

சந்தனசாமி படிவத்தில் ஜாக்கிக்கு நேரே பூஜ்யம் போட்டார். கருத்து என்ற கட்டத்தில், ‘உள்ள ஜாக்கி இக்காருக்கு உரியதன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. பிறகு ஜாக்கியைச் சிவப்புத் துணியில் பழையபடி சுற்றி டிக்கிக்குள் வைத்தார்.

“எடுத்துக்கங்க அங்கிள்.”

“குடுத்துருவோம்னு சொன்னது அவரு. அவரு குடுக்காம நான் எடுத்தா அது வேற கேஸு” என்றார். டிக்கியை மூடினார்.

நான்கு மணிக்கு ஆவுடையப்பன் கோப்பையை வாங்கினார். வேன் பெண்கள் குலவை போட்டார்கள். செத்த மனுசனோட காரைக்கூட விடவில்லையே என்று பின்னால் யாரோ சொன்னது சந்தனசாமிக்குக் கேட்டது. நாராயணன் அவர் பக்கமே பார்க்கவில்லை. செவ்வாய்க்கிழமை பல் என்ன பாடுபடப் போகிறதோ என்று மரிய செல்விதான் கவலைப்பட்டார். மதியம் கொண்டுவந்த எலுமிச்சைச் சோறு அப்படியே இருந்தது.

அர்ச்சனா வந்து நின்றாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று இவர் எழுந்து நின்றுகொண்டார்.

“லாரிய அனுப்பிட்டேன் அங்கிள். எனக்கு இந்த கியர் வராது. நீங்க வீடு வரைக்கும் ஓட்டிட்டு வாங்க.”

“நான் ஜட்ஜும்மா. போட்டிக் கார்ல ஏறக் கூடாது.”

“அது நாலு மணியோட முடிஞ்சுபோச்சே.”

அவர் விதிகளை ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தார். தடுக்கிற விதி ஏதும் இல்லை.

மோரிஸை மைதானத்துக் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு, மரிய செல்வியும் அர்ச்சனாவும் பின்னால் ஏற, சந்தனசாமி ஃபியட்டின் ஸ்டியரிங்குக்கு முன் முதல்முறையாக உட்கார்ந்தார். இருக்கை ராம்நாத்தின் நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளி இருந்தது. கிளட்ச் எட்டவில்லை. இருக்கையை நகர்த்துகிற கம்பியைத் தொட்டவர், என்னவோ நினைத்து விட்டுவிட்டார். சாப்பாட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் கொடுக்கச் சொல்லி, அதன்மேல் சாய்ந்துகொண்டு காலை நீட்டினார்.

“சோறு நசுங்கும்” என்றார் மரிய செல்வி. அவர் சாவியைத் திருகினார்.

கார் கிளம்பி நமணசமுத்திரம் தாண்டியது. பஸ்கள் ஹாரன் அடித்து முந்திப் போயின. சந்தனசாமி காதைக் கூர்மையாக்கி, ஒவ்வொரு சத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டே வந்தவர், திடீரென்று ஸ்டியரிங்கிலிருந்து பிடியைத் தளர்த்திப் பார்த்தார். கார் ஓரமாகச் சாய்ந்தது. மறுபடி பிடித்து நிமிர்த்தினார்.

“எடது பக்கம் இழுக்குது” என்றார். “இத்தன வருசம் இதச் சொல்லவே இல்லியே மனுசன்.”

“அவங்களுக்குத் தெரிஞ்சாத்தானே அங்கிள். லாரியிலதானே போய்ட்டு வந்துச்சு.”

சந்தனசாமி சிரித்தார். ஆகஸ்டுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து மரிய செல்வி பார்க்கவில்லை. சிரிப்பு கொஞ்சம் நீண்டுபோய், நடுவில் வேறு மாதிரி ஆனபோது, “ரோட்டப் பாருங்க” என்றார் பின்னாலிருந்து.

அவர் ரோட்டைப் பார்த்தார். நிறுத்தி, டயரில் காற்று அளவைப் பார்த்தால் சரியாகிவிடக் கூடியதுதான். நிறுத்தவில்லை. திருமயம் போய்ச் சேரும் வரை ஸ்டியரிங்கை லேசாக வலது பக்கம் பிடித்துக்கொண்டே ஓட்டினார்.