‘டிரயல்’ என்பதற்கு நான் சொன்ன தமிழ்

இன்று எங்கள் மலைநகரான தானா ராத்தாவில் பல்கலைக்கழக டாக்டர் ஒருவர், தொடங்கவிருக்கும் மருந்து ‘டிரயல்’ பற்றி விளக்கினார்.

“விருப்பம் இருந்தா சேரலாம், தாத்தா. வேணாம்னா எப்பவும் விலகிக்கலாம்லா.”

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் எனக்கு நினைவுக்கு வந்தது. அப்போது நான் தேயிலைத் தோட்டத்தில் சின்னக் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. காய்ச்சல் மருந்தைச் சோதிக்க வந்த வெள்ளைக்கார டாக்டர், விருப்பமுள்ளவர்கள் ‘டிரயலுக்கு’ வரலாம் என்றார். நான் அதைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு ‘விசாரணை’ என்று மொழிபெயர்த்தேன்.

விசாரணைக்குப் போனவர்கள் லயத்து வீடுகளுக்குத் திரும்பாத காலம் அது.

“காட்டுக்காரனுக்கு நாங்க அரிசி குடுக்கலீங்க, கிராணியாரே!” என்று அழுதபடியே முனியம்மா மாத்திரையை விழுங்கினாள். மற்றவர்களும் பயந்து விழுங்கினார்கள்.

தவறு எனக்கு அப்போதே புரிந்தது. அங்கிருந்த தோட்டத் துரைக்கு முன்னால் திருத்தத் துணியாமல் நின்றேன்.

“சந்தேகம் இருக்கா, தாத்தா?” என்று இன்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன்.

சரியான சொல் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். எழுபது ஆண்டு தாமதமாகத்தான் கேட்கிறேன்.