ஒரே நெஞ்சுக்கு இரண்டு பெயர்

இன்று சிங்கப்பூர் தஞ்சோங் பகாருக்கு, காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுக்கும் வண்டி வந்திருந்தது. துறைமுகத் தொழிலாளர்களின் பெயர்களை எழுதிக் கொடுக்க நானும் போயிருந்தேன்.

காலையில் படம் எடுத்துக்கொண்ட ஒருவர் மதியம் மறுபடியும் வரிசையில் வந்து, "முருகையா" என்றார்.

"அண்ணே, காலையில ராமசாமின்னு சொன்னீங்களே?"

குரலைத் தாழ்த்தினார். "முருகையா என் ரூமுல இருக்கான், தங்கச்சி. ரெண்டு மாசமா இருமுறான். படத்துல தெரிஞ்சா ஊருக்குக் கப்பல் ஏத்திடுவாங்களாம். என் நெஞ்சு சுத்தம்லா. அதையே அவன் பேர்ல எடுக்கச் சொல்லு."

"அப்போ அவருக்கு யாரு மருந்து குடுப்பா?"

"அதான் எனக்கும் புரியல."

யார் பெயரையும் சொல்லாமல் வண்டியில் இருந்த நர்ஸிடம் விசாரித்தேன்.

"மருந்து இலவசம்தான். குடியுரிமை இல்லாதவங்களத் திருப்பி அனுப்புவாங்களான்னு எங்களுக்கே யாரும் சொல்லலம்மா."

வண்டியில் 'எல்லாரும் வரலாம்' என்று நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறது. வந்த பிறகு என்ன ஆகும் என்பது ஒன்றிலும் இல்லை.

முருகையாவின் பெயரை நான் எழுதவில்லை. அவரையே அழைத்து வாருங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நர்ஸிடம் காட்டிக்கொடுக்காததற்கு ராமசாமி அண்ணன் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது பேர் படுக்கும் அறையில் அந்த இருமல் அப்படியேதான் இருக்கிறது. எனக்கு எதற்கு நன்றி? புரிந்தவர்கள் சொல்லுங்கள்.