என்கிட்ட ஓடுது

எப்போதும் சரியாகவே இருந்து பழகிவிட்ட ஒருவருக்கு, தான் தவறு என்பது எந்த வழியாகத் தெரியவரும்? ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஏ.சி. காற்று நேராக உச்சந்தலையில் விழும் மூலையில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. வெகு நாள் அது அவள் காதில் விழவில்லை.

வரவேற்பு மேஜையில் நோயாளிகளின் பெயரைத் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். டேட்டாபேஸ் வேலையைத் தானாகவே கற்றுக்கொண்டாள். பிறகு ஆறு கிளைகளின் தகவல்களும் கிடக்கும் அந்தக் கிடங்குக்கே பொறுப்பாளியானாள். அதற்குள் இருநூற்றுச் சொச்சம் ப்ரொசீஜர்கள் இருந்தன. 'இந்தக் கிளையில் ஸ்கேனுக்கு எந்தெந்த நேரம் காலி?' என்பது போன்ற கேள்விக்கு எப்படிப் பதில் தேட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி உள்ளே வைத்த கட்டளைகள்தான் ப்ரொசீஜர்கள். வெளியே யாரோ இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால், பக்கம் அந்த ப்ரொசீஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். பதில் வரும். பெரும்பாலானவை அவள் கைப்பட எழுதியவை.

யாராவது புகாரோடு வந்தால் அவள் வாதாட மாட்டாள். தன் கணினியில் அந்த ப்ரொசீஜரை ஓடவிட்டு, முடிவைக் காட்டி, "என்கிட்ட ஓடுது. அடுத்த கேஸ்" என்பாள். அதனால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் ஜட்ஜம்மா. அவளுக்கும் அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் கோர்ட்டுக்கு அதிகம் வந்தவன், இணையப் பக்கம் எழுதுவதற்காக ஒப்பந்தத்தில் சேர்ந்த ஓர் இளைஞன். ஸ்கேன் நேரம் பதியும் பக்கத்தில் காத்திருப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால் அவனுக்குச் சக்கரம் என்று பெயர்.

"மேடம், ஸ்கேன் பக்கம் மறுபடி படுத்துடுச்சு. முப்பது செகண்ட் சுத்துது, அப்புறம் வெள்ளையா நிக்குது."

"எந்தக் கிளை?"

"தலைமை ஆஸ்பத்திரி."

அவள் தட்டினாள். அரை வினாடியில் காலி நேரங்கள் வரிசையாக வந்து நின்றன.

"என்கிட்ட ஓடுது தம்பி."

"நேத்து எங்கிட்டயும் நல்லாத்தான் ஓடுச்சு மேடம். இன்னைக்கு இல்ல. நடுவுல நான் எதையும் தொடல. சத்தியமா ஒரு கமா கூடத் தொடல."

"தொடாம விட்டதுதான் தப்போ என்னவோ. அடுத்த கேஸ்."

பக்கத்து மேஜைகள் சிரித்தன. அவன் கையிலிருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான். மூன்று மாதத்தில் இது மூன்றாம் முறை.

அந்த வெள்ளிக்கிழமை மேலாளர் அவள் மேஜையில் கையூன்றி நின்றார். "அந்தப் பையனோட ஒப்பந்தம் செவ்வாயோட முடியுது. நீட்டிக்கலாமா, அனுப்பிடலாமான்னு மேல கேக்குறாங்க. ஸ்கேன் பக்கத்துக் கோளாறு யார் பக்கம்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. உங்க வார்த்தைதான் முடிவு."

அவர் போனதும் அவள் எழுதினாள்: 'ப்ரொசீஜர் சரியாக இயங்குகிறது. கோளாறு இணையப் பக்கத்தில்.' முதல் வாக்கியம் அவள் கண்ணால் கண்டது. இரண்டாவது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தானாக வந்தது. திங்கட்கிழமை அனுப்பலாம் என்று சேமித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஞாயிறு காலை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன். அண்ணனுக்கு முழங்காலில் ஸ்கேன் எடுக்கணுமாம். குடும்பத்தில் யாருக்கு எது வேண்டுமானாலும் அவள்தான் அலுவலகத்திலிருந்தே நேரம் பதிந்து கொடுப்பாள்.

"இன்னைக்கு லீவு அண்ணி. நீங்களே அந்தப் பக்கத்துல போய் அழுத்துங்களேன், ரெண்டு நிமிஷ வேலை."

இருபது நிமிஷம் கழித்து மறுபடி போன். அண்ணியின் குரல் ஏறியிருந்தது. "என்னம்மா உங்க ஆஸ்பத்திரி! சுத்துது சுத்துதுன்னு சுத்துது, எனக்கே தலை சுத்துது. உங்கண்ணன் காலை நீட்டி உக்காந்து என்னையே முறைச்சுக்கிட்டு இருக்காரு."

"நெட் சரியில்லையோ என்னமோ, அண்ணி."

"எங்க நெட்டுக்கு ஒரு கேடும் இல்ல. உனக்கென்ன, உள்ள இருந்து ஒரு தட்டு தட்டினா கதவு திறக்குது. நாங்க வாசல்ல நிக்கிறோம். வாசல்ல நின்னு ஒரு தடவையாவது நீ பாத்திருக்கியா?"

அவள் பார்த்ததில்லை. ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டே தன் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். சக்கரம் சுற்றியது. முப்பது வரை எண்ணினாள். வெள்ளை.

திங்கட்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு இறங்கினாள். சக்கரம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"மேடம், நீங்களா? லிஃப்ட் தப்பா நிறுத்திடுச்சா?"

"படியில வந்தேன். உக்காருங்க."

அவன் மேஜையோரத்தில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. மூன்று மாதத் தேதிகள். நல்ல நாளுக்கு வட்டம், படுத்த நாளுக்குப் பெருக்கல் குறி. மடிப்புக் கோடுகளில் தாள் கிழியத் தொடங்கியிருந்தது.

"இதை ஏன் எங்கிட்ட காட்டல?"

"மூணு தடவையும் எடுத்துட்டுத்தான் வந்தேன் மேடம். நீங்க ஸ்கிரீனைத்தான் பாத்தீங்க."

அவள் குனிந்து தேதிகளைக் கடைசி வரை படித்தாள். டேட்டாபேஸுக்குள் வருகிற ஒவ்வொரு அழைப்பும் தன் மடிக்கணினியில் பதிவாகும்படி செய்துவிட்டு, "இப்ப ஸ்கேன் பக்கத்துல இருந்து கூப்பிடுங்க" என்றாள். அழைப்பு வந்தது. அதே ப்ரொசீஜர், அதே கிளை, அதே தேதி. முப்பது வினாடியில் பக்கம் பொறுமை இழந்து கைவிட்டது. பிறகு அதையே, தான் நேரடியாகக் கட்டளை கொடுக்கும் கணினி ஜன்னலில் ஓட்டினாள். அரை வினாடி.

மூன்று மணிக்குள் காரணம் கிடைத்தது. ஒரு ப்ரொசீஜரை யார் முதலில் கூப்பிடுகிறார்களோ, அவர்கள் கேட்டதற்கு ஏற்ப டேட்டாபேஸ் ஒரு தேடும் வழியை வகுத்து வைத்துக்கொள்ளும். பின்னால் வருகிற எல்லாருக்கும் அதே வழிதான். தினமும் காலை ஐந்து மணிக்கு சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிடுவார்கள், பழைய வழிகள் அழிந்துபோகும். அதன் பிறகு பக்கத்தில் முதலில் வருபவர், ஒரு நாளைக்கு மூன்று பேர் வந்துபோகும் சின்னக் கிளையைக் கேட்டுவிட்டால், பதிவுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டும் வழி அமைந்துவிடும். மூன்று சீட்டுக்கு அது போதும். லட்சக்கணக்கில் சீட்டு உள்ள தலைமை ஆஸ்பத்திரிக்கும் அதே புரட்டல் என்றால் விடிந்த மாதிரிதான். அவளுடைய ஜன்னலோ இணையப் பக்கத்தைப் போலில்லாமல் வேறு செட்டிங்குகளோடு உள்ளே நுழைவது. ஆகவே அதற்கென்று தனி வழி. அதில் அவள் எப்போதும் தலைமை ஆஸ்பத்திரியையே கேட்டு வந்தாள். தன்னிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மட்டுமே பதினோரு வருஷமாகப் பரிசோதித்து வந்திருக்கிறாள்.

மருந்து ஒரே வரி. ஒவ்வொரு அழைப்புக்கும் வழியைப் புதிதாக வகுக்கச் சொல்லும் வரி. அதைச் சேர்த்தாள். சக்கரம் ஸ்கேன் பக்கத்தின் பொத்தானை அழுத்தினான். காலி நேரங்கள் வந்து நின்றன. சின்னக் கிளையை முதலில் கூப்பிட்டு, பிறகு பெரியதைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போதும் வந்தன.

"அப்போ தப்பு என் பக்கம் இல்லையா மேடம்?"

"இல்ல."

"இன்னொரு தடவை சொல்லுங்க, போன்ல பதிவு பண்ணி அம்மாவுக்கு அனுப்புறேன்."

அவள் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை எழுதியதை அழித்துவிட்டு மேலாளருக்குப் புதிதாக அனுப்பினாள்: 'கோளாறு நான் எழுதிய ப்ரொசீஜரில். மூன்று மாதமாகச் சரியான தகவலோடு வந்தவர் இணையப் பக்கம் எழுதுபவர். நான் வாங்கிப் பார்க்கவில்லை.'

மேலாளர் கூப்பிட்டார். "கடைசி வரி வேணுமா? உங்க பேர்தானே கெடும்?"

"இருக்கட்டும் சார்."

இதைப் பெரிய நேர்மை என்று கொண்டாடத் தேவையில்லை. கண்டதை எழுதினாள், அவ்வளவுதான். மூன்று மாதம் காணாமல் இருந்தவளும் அவள்தான். இன்னும் இரண்டு நாள் தள்ளி அண்ணி போன் செய்திருந்தால் ஒருவனுக்கு வேலை போயிருக்கும். செவ்வாய் மாலை அவன் ஒப்பந்தம் ஒரு வருஷம் நீட்டிக்கப்பட்டது. பெயர் மட்டும் சக்கரம் என்றே நிலைத்துவிட்டது.

அடுத்த வாரம் அவள் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தாள். உள்ளிருந்தே நேரம் பதியும் தன் உரிமையை நீக்கக் கேட்கும் படிவம். 'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. மேலாளர் அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து அண்ணனுக்கு இரண்டாவது ஸ்கேன்.

"உள்ள இருந்து ஒரு தட்டு தட்டிடும்மா."

"இப்ப என்னால முடியாது அண்ணி. நீங்களே பக்கத்துல அழுத்துங்க."

"ஏன், உன் அதிகாரத்தைப் பிடுங்கிட்டாங்களா?"

"நான்தான் வேணாம்னு கொடுத்துட்டேன்."

"கையில இருந்ததை எவளாவது கொடுப்பாளா? என்ன வந்துச்சு உனக்கு?"



"சுத்துச்சுன்னா சொல்லுங்க அண்ணி, வந்து பக்கத்துல நிக்கிறேன்" என்றாள்.