படிவத்தில் எழுதாத மூன்று பெயர்கள்

புதுப் பெயின்டின் வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் எனக்கு எங்கள் பதுளை வீட்டுக் கேற்றுதான் ஞாபகம் வரும். குடிபுகுந்த அன்று, பால் பொங்குவதற்கு முன்பே, அப்பா ஒரு டின்னில் நீலப் பெயின்டைக் கலக்கிக்கொண்டு போய் வீட்டு இலக்கத்தைத் தன் கையாலேயே கேற்றில் எழுதினார். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர். அங்கே யாருக்கும் தனி விலாசம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், அங்கிருந்து நம் கைக்கு எப்போது வரும் என்பது ஆபீசில் இருப்பவரின் மனசைப் பொறுத்தது. அப்பாவுக்கு அரசாங்க வேலையொன்றுக்காக வந்த நேர்முகக் கடிதம், நேர்முகம் முடிந்து மூன்று வாரத்துக்குப் பிறகுதான் அவர் கைக்குக் கிடைத்ததாம். "நமக்குன்னு ஒரு விலாசம் வேணும்" என்று அவர் புலம்பாத நாளில்லை.

அம்மா வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்துச் சேர்ந்த சேமலாப நிதியும், அப்பா பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக் கடையில் நின்று சேர்த்ததும் பதுளையில் ஒரு மலைச் சரிவில் ஏழு பேர்ச் அளவுள்ள சின்னக் காணியும் வீடுமாயின. மிஞ்சிய கல்லையும் தகரத்தையும் வைத்துப் பின்பக்கம் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் கட்டி, அதற்கு "அனெக்ஸ்" என்று பெயரும் வைத்தார் அப்பா. பெயர்தான் பெரிசு, மழை பெய்தால் மூன்று இடத்தில் சட்டி வைக்க வேண்டும். அதற்கு முதன்முதலாக வாடகைக்கு வந்தவர்கள் லுணுகலையைச் சேர்ந்த செல்வராணி அக்காவும், வெலிமடை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த அவர் புருஷனும், அப்போது ஒரு வயதே ஆகியிருந்த அவர்கள் மகள் சுதாவும்.

எனக்கு அப்போது பத்து வயது. அம்மா விடிய முன்னரே ஒரு ஹோட்டலுக்குச் சமையல் வேலைக்குப் போய்விடுவதால், எனக்குத் தலை பின்னிவிட்டதும், மத்தியானம் வந்தால் ரொட்டி சுட்டுத் தந்ததும் செல்வராணி அக்காதான். வீட்டுக்காரர் பிள்ளை என்பதால் என்னை "நீங்க, வாங்க" என்றுதான் பேசுவார். எனக்கு அது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, வெட்கக்கேடு.

வருஷத்துக்கு ஒரு தடவை கிராம சேவகர் வாக்காளர் பட்டியலான இடாப்புக்குரிய படிவத்தைக் கொண்டுவந்து தருவார். அந்த விலாசத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த இடாப்பில் சில வருஷம் தொடர்ந்து பெற்றோரின் பெயர் இருந்தால்தான் டவுன் பள்ளிக்கூடத்தில் பிள்ளையை முதலாம் வகுப்பில் சேர்க்க முடியும். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று அந்தப் படிவத்தை நிரப்பும் வேலையை அப்பா என்னிடமே கொடுத்தார். எங்கள் பெயர்களை எழுதி முடித்து, "அக்கா வீட்டுப் பேரையும் எழுதவாப்பா?" என்று கேட்டேன்.

"வேணாம்" என்றார். "பேரை எழுதிக் குடுத்தா, பொறகு வீட்டவிட்டுக் கெளப்ப ஏலாது. மொதலாளிக்கு நடந்தது தெரியுமில்ல?" அவருடைய முதலாளியின் கடையொன்றில் வாடகைக்கு இருந்தவர், பதிவைக் காட்டிக்காட்டியே காலி பண்ணாமல் வருஷக்கணக்காக வழக்குப் பேசிக்கொண்டிருந்தார், அந்தப் பயம் அப்பாவையும் பிடித்துக்கொண்டது. அம்மா மட்டும், "நம்ம புள்ளை மட்டும் படிச்சாப் போதுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டார். அப்பா அம்மா பக்கமே திரும்பாமல் என்னிடம், "செல்வராணி கேட்டா, எழுதியாச்சுன்னு சொல்லிரு" என்றார்.

அக்கா கேட்கத்தான் செய்தார். அப்பாவிடம் கேட்டால் கோபித்துக்கொள்வார், கோபித்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில், தலை பின்னும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார். "பாப்பா, எங்க பேரையும் எழுதுனீங்கதானே? சுதாவ ஒங்க பள்ளிக்கூடத்துலதான் சேக்கணும்." நான், "எழுதிட்டேன் அக்கா" என்றேன். அடுத்த வருஷமும் கேட்டார். அதற்கடுத்த வருஷமும் கேட்டார். நான்கு வருஷமும் ஒரே பதிலைச் சொன்னேன். சொல்லச்சொல்ல நாக்கு பழகிவிட்டது.

சுதாவுக்கு ஐந்து வயதானபோது, பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கும் முன்னரே வெள்ளைக் கவுன் தைத்தாகிவிட்டது. நேர்முகத்துக்குப் போனவர்கள் மத்தியானத்துக்குள் திரும்பி வந்தார்கள். புதுச் சப்பாத்து காலைக் கடித்ததோ என்னவோ, சுதா அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். அக்கா நேரே முன்வாசலுக்கு வந்து, "அண்ணே, இடாப்புல எங்க பேரே இல்லைங்கிறாங்கண்ணே" என்றார்.

"நாங்க எழுதித்தான் குடுத்தோம் தங்கச்சி. ஆபீஸ்ல விட்டுருப்பாங்க" என்ற அப்பா, என் பக்கம் திரும்பி, "என்ன பாப்பா, எழுதுனியா இல்லியா?" என்று கேட்டார். எனக்குப் பதினான்கு வயது. விவரம் தெரியாத பிள்ளை என்று சொல்லித் தப்ப முடியாது. ஆமென்று தலையை ஆட்டினேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா எழுதியிருப்பாங்கண்ணே, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல" என்றார். பாவி நான், அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம்.

இரண்டு மாதத்தில் அவர்கள் லுணுகலைக்கே போய்விட்டார்கள். சுதாவைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததாகக் கேள்விப்பட்டோம். அப்பா அனெக்சுக்கு வெள்ளையடித்து, "குடும்பங்களே வேணாம்" என்று ஒரு பேங்க் கிளார்க்குக்குக் கொடுத்தார். அம்மா அதன் பிறகு பின்பக்கம் போவதையே குறைத்துக்கொண்டார்.

இன்று அந்த அனெக்ஸ் இல்லை. அந்த இடத்தில் இரண்டு மாடி எழும்பிவிட்டது, மூன்று குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் பெயரெல்லாம் இடாப்பில் இருக்கிறது, நானே எழுதிக் கொடுத்தேன். அதனால் எனக்கு ஒரு நிம்மதியும் வந்துவிடவில்லை. அப்பா போய் ஆறு வருஷமாகிறது, அம்மாவும் போய்விட்டார்.

போன மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மா என் கையைப் பிடித்தார். தலை முழுக்க நரை. செல்வராணி அக்கா! சுதா எங்கே என்று கேட்டேன். "எட்டோட நின்னுட்டா பாப்பா. கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு நிக்கிறா" என்றவர், என் முகம் வாடுவதைப் பார்த்து, என் கையைத் தட்டிக்கொடுத்தார். "நீங்க என்ன பண்ணுவீங்க? நீங்க அழகா எழுதித்தானே குடுத்தீங்க. அந்த ஆபீஸ்காரன் பண்ணுன வேலைக்கு எம்புள்ள அனுபவிக்கிறா."

எனக்கு முப்பத்தைந்து வயது. பக்கத்தில் நின்று அதட்ட அப்பாவும் இல்லை.

"ஆமாக்கா, எழுதித்தான் குடுத்தேன்" என்றேன்.