பாதி மாத்திரை, ஸ்ட்ராங் டீ

உத்திரமேரூர்ல நான் வேலை பாக்கற மெடிக்கல் ஷாப்புக்கு இன்னிக்கும் அந்த நடவு மேஸ்திரி அக்கா வந்தாங்க.

வாரா வாரம் ஆறு அட்டை வலி மாத்திரை வாங்குவாங்க. காலையில வயல்ல டீ குடுக்கும்போது, நாத்து நடற பொம்பளைங்க ஆளுக்கு ஒண்ணு போட்டுக்கணும். அப்பதான் இடுப்பு வலின்னு யாரும் பாதியில கரையேற மாட்டாங்களாம்.

இன்னிக்கு என்னால வாயை வெச்சிக்கினு சும்மா இருக்க முடியல.

"அக்கா, டீல இருக்கற கஃபீன் வலி மாத்திரைக்கு இன்னும் கொஞ்சம் பலம் குடுக்கும். வலிதான் தெரியாது, இடுப்பு கெட்டுக்கினேதான் இருக்கும். வெறும் வயித்துல வேற குடுக்கறீங்க, வயிறு புண்ணாயிடும்."

அக்கா அட்டையில இருக்கற மாத்திரையை விரலால எண்ணினாங்க.

"அப்போ டீயை ஸ்ட்ராங்கா போட்டா பாதி மாத்திரையே போதும். மீதி பாதியை மத்தியானம் டீயோட குடுத்தா, எப்பவும் போல ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சி கரையேறாம பொழுது சாயற வரைக்கும் நடுவாளுங்க."

"ஐயோ, நான் அதுக்கு சொல்லலக்கா..."

"இன்னா பொண்ணு நீ! இவ்ளோ விஷயம் தெரிஞ்சி வெச்சிக்கினு இத்தினி நாளா சொல்லாம கீறியே!"

மாத்திரையை வெட்ட பிளேடு கேட்டாங்க. அதையும் நானேதான் எடுத்துக் குடுத்தேன்.

பார்மசி படிச்சு என்ன கிழிச்சேன்னு கேட்டவங்கல்லாம் கமெண்ட்டுக்கு வாங்க. பத்து பொம்பளைங்களுக்கு நாளையிலேர்ந்து நாலு மணி நேரம் கூடுதலா வேலை வாங்கிக் குடுத்திருக்கேன்.