பாதுகாவலரின் கையொப்பம்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், வவுனியாவில் இயங்கிய ஓர் உயர்கல்வி நிலையத்தில் மாணவர் நலப் பொறுப்பு என்னிடம் இருந்தது. பெற்றோரைப் போர் நடந்த வன்னிக்குள் விட்டு வந்த மாணவர் பலர் நகரில் தெரிந்தவர் வீடுகளில் தங்கினர். வீட்டுக்காரர் பாதுகாவலராகக் கையொப்பமிட்டால்தான் நகரில் தங்குவதற்குப் படையினரின் அனுமதிச்சீட்டான பாஸ் கிடைக்கும். அக்கையொப்பமின்றி மாணவரின் எக்கடிதத்தையும் நாங்களும் ஏற்பதில்லை. அவ்விதியை வகுத்தவர்களுள் நானும் ஒருவன். பெண்பிள்ளைகளுக்கு அது காப்பு என்றே நம்பியிருந்தேன்.

வன்னியில் உருத்திரபுரத்தைச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஒரு திங்கட்கிழமை மடித்த கடிதமொன்றை என் மேசையில் வைத்தாள். மலையகத்திலிருந்து வந்து அங்கே வயல் செய்த குடும்பத்தின் முதற் பட்டதாரியாக வேண்டியவள். நான் கடிதத்தின் அடியை மட்டும் பார்த்தேன்.

"பாதுகாவலரின்ர கையெழுத்து எங்க, பிள்ளை?"

"அவர் வைக்கமாட்டார், சேர்."

"கேட்டுப் பாரும். முறை எண்டு ஒண்டு இருக்கு."

அவள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை அதே கடிதத்தை எங்கள் நூலகர் கொண்டுவந்தார். கணவரை இழந்தபின் இரு பெண்மக்களோடு வாழ்ந்த அம்மையார் அவர்.

"இதை வாசிச்சனீங்களோ, சேர்?"

"கையெழுத்து இல்லாமல்..."

"அந்த மனிசனைப் பற்றித்தான் கடிதமே. அவரிட்டயே கையெழுத்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறியள்."

வாசித்தேன். ஐந்தே வரிகள். மனைவி இல்லாத வேளைகளில் அவர் அவளது அறைக்குள் வருவதையும், பாஸை நினைவூட்டி வாயடைப்பதையும் நேராக எழுதியிருந்தாள். அவ்வீட்டை விட்டால் பாஸ் போகும்; அதனோடு படிப்பும் போகும்.

"இப்ப பிள்ளை எங்க?"

"நேற்றிலயிருந்து என்ர வீட்டில. கையெழுத்தை நான் வைக்கிறன். பொம்பிளை வைச்சா மை காயாதோ?"

அன்று பிற்பகலே இருவரும் பாஸ் அலுவலகத்துக்குச் சென்றோம். பாதுகாவலரை மாற்றுவது ஏனென்று எழுதுவினைஞர் கேட்டார். நான் வாயெடுக்குமுன், "என்ர வீடு நூலகத்துக்குக் கிட்ட" என்றார் அம்மையார். வெளியே வந்தபின் என்னிடம் சொன்னார்: "பிள்ளையின்ர கதையைப் பிள்ளைதான் சொல்லவேணும், சேர்."

பாஸ் கிடைத்தது. அம்மனிதரின் பெயரை எங்கள் பாதுகாவலர் பட்டியலிலிருந்து நீக்கினோம். முறைப்பாட்டுக்குக் கையொப்பம் வேண்டும் என்ற விதியையும் நீக்கினோம். பொலிசுக்குப் போவதை அவள் விருப்பத்துக்கு விட்டோம். சோதனை எழுதி முடியட்டும் என்றாள். சோதனை முடிந்த பிறகும் அவள் போகவில்லை.

சான்றிதழ் பெற வந்தபோது, வாசியாமல் திருப்பியனுப்பியதற்காக மன்னிப்புக் கேட்டேன்.

"ஓம், சேர்" என்றாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.