சக்கரம் வைத்த வீட்டுக்கு ஆகும் செலவு

எழுதுகிறவர்கள் வரிசையில் வந்து நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறேன். பகல் முழுக்க என் பேச்சு, பேச வராத பிள்ளைகளோடுதான். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் ஒரு கேரவன் இருந்தது. வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, சக்கரம் வைத்த வீடு. உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, கை கழுவும் தொட்டி, கேஸ் அடுப்பு. அப்புத்தளைப் பக்கம் ஒரு விடுதியில் என் வீட்டுக்காரர் காவலுக்கு இருந்தார். சுற்றுலாக்காரர்கள் வராமல் போன காலத்தில் விடுதியை மூடினார்கள். நின்றுபோன சம்பளத்துக்குப் பதிலாக அங்கே கிடந்த கேரவனை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அவர் அப்படி நினைக்கவில்லை. ட்ரக்டரில் மாட்டி ஹல்துமுல்லைக்குக் கொண்டுவந்து, எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே ரோட்டோரக் கடைக்காரரின் வெறும் நிலத்தில், மாத வாடகைக்கு நிறுத்தினார்.

“வெள்ளக்காரன் வந்து தங்குவான், பாரு” என்றார்.

“அவன் வர்ற வரைக்கும் நீங்க தங்குங்கண்ணே” என்று என் நாத்தனார் சிரித்தாள்.

அப்படித்தான் ஆனது. யாரும் வரவில்லை. லயத்து ஒற்றை அறையில் மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்ததால், அவர் படுக்கையை அங்கே மாற்றிக்கொண்டார்.

கேரவன் ஓடவே இல்லை. ஆனால் சும்மா நிற்பதற்கும் அது செலவு வைத்தது. வெயிலும் பனியும் மாறி மாறி அடித்து டயர் வெடித்தது. கூரை ஓரத்து ரப்பர் விட்டுப்போய், ஒவ்வொரு மழைக்கும் பசை வாங்கிப் பூச வேண்டியிருந்தது. எலி வயரைக் கடித்தது. பற்றரி செத்தது. வருடத்துக்கு ஒரு முறை லைசன். இது போதாதென்று, முதல் நாள் அவர் அதற்குள் பால் பொங்க வைத்துவிட்டார். “பால் பொங்கிட்டா அது வீடு. வெள்ளிக்கிழம வெளக்கு ஏத்தணும்” என்றாள் நாத்தனார். சக்கரம் இருப்பதால் ஆயுத பூசைக்கு எலுமிச்சம்பழமும் வைத்தோம். வீட்டுக்கு உண்டான செலவும் வண்டிக்கு உண்டான செலவும் சேர்ந்தே வந்தன.

கதவுக்கு மேலே ஒரு ரசமட்டம் பொருத்தியிருந்தது. சுவர் கட்டும் மேசன் பாஸ்மார் வைத்திருப்பார்களே, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழி, அதேதான். மூலைக் கால்களை ஏற்றி இறக்கி அந்தக் குமிழியை அவர் நடுவில் நிறுத்துவார். கட்டிலில் ஆள் ஏறிப் படுத்தால் அந்தப் பக்கம் கொஞ்சம் தாழும், குமிழி நடுவை விட்டு எதிர்ப்பக்கம் ஒதுங்கும். மடுவம் விட்டு வந்து கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பேன். அவர் படுத்திருக்கிறாரா என்று கட்டிலைப் பார்க்காமலே தெரிந்துவிடும்.

ஒரு நாள் பின்னேரம் தேத்தண்ணியோடு போனபோது குமிழி ஒதுங்கித்தான் நின்றது. கூப்பிட்டேன், எழும்பவில்லை. இருதயம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வெளியே உயிர் போனால், போன இடத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து, வெள்ளைத் துணியில் முடிந்து, திரும்பிப் பார்க்காமல் கொண்டுவந்து வீட்டு விளக்கடியில் வைக்க வேண்டும். கொழுந்து பறிக்கும் மலையில் விழுந்து போனவர்களுக்கும் அப்படித்தான் செய்தார்கள். அப்போதுதான் ஆள் வீடு வந்து சேருவார். நாத்தனார் குனிந்து தவழ்ந்து, கேரவனுக்கு அடியில், கட்டிலுக்கு நேர் கீழே மண் எடுத்துவந்தாள். எல்லாம் முறையாக நடந்தது.

கருமாதி முடிந்த பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாத்தனார் கையை நிறுத்தினாள்.

“அண்ணி, அந்த மண்ணு மேல அண்ணன் படுக்கவே இல்லையே. நடுவுல பலகை இருந்துச்சே.”

பிறகு மறுபடி பாத்திரத்தைக் கழுவினாள். அப்படியானால் அவர் இன்னும் வீடு வந்து சேரவில்லையா என்ற கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போவேன். தொட்டியடியில் நான் நிற்பேன். குமிழி ஆள் படுத்தாற்போல் ஒதுங்கி நிற்கும். கேரவனின் மூலைக் காலைத் திருகி ஏற்றி நடுவுக்குக் கொண்டுவருவேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒதுங்கியிருக்கும். ஒரு தடவை மேசை ஓரம் உட்கார்ந்திருந்தபோது வாசல் படி முனகியது. யாரோ ஏறினாற்போல் கேரவன் மெல்லத் தாழ்ந்து நிமிர்ந்தது. வெளியே வெயில், காற்று இல்லை. நான் காலை மடக்கி வழி விட்டேன்.

“மழைக்கு மண்ணு எறங்குதும்மா, வேற ஒண்ணுமில்ல” என்றாள் மகள். அப்படியும் இருக்கலாம். மலை சரிந்து இறங்குகிற ஊர்தான் எங்களுடையது. ஆனால் அது கட்டில் பக்கம் மட்டும்தான் இறங்கியது.

கேரவனை விட்டுவிட்டால் அவர் எங்கே போவார் என்றுதான் எனக்குப் பயம். அதனால் பசை வாங்கினேன், வாடகை கட்டினேன், லைசன் எடுத்தேன். என் சம்பளம் அதற்குள் போனது. பதுளையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகும் மகள் காதில் இருந்ததைக் கழற்றி விற்று டயர் மாற்றினாள். அடுத்த மழையில் தரைப்பலகை ஊறிப் பிளந்தது. அன்று அவள் கோபப்படவில்லை. “இனி கழட்ட ஒண்ணும் இல்லம்மா” என்று மட்டும் சொன்னாள்.

வாங்குகிற ஆளை அவளே கூட்டி வந்தாள். பதுளை பஜாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி. கேரவனைக் கொத்துரொட்டிக் கடையாக மாற்றப் போகிறாராம். மறைத்து விற்க எனக்கு மனமில்லை.

“நானா, எங்க வீட்டுக்காரர் இதுக்குள்ளதான் எறந்தாரு.”

“ஆள் எறக்காத வீட்டத் தேடினா எனக்கு எங்கயும் கட கெடைக்காது தங்கச்சி” என்றார். குரல் தாழ்ந்துதான் இருந்தது.

“ஒண்ணே ஒண்ணு எனக்கு வேணும். கதவுக்கு மேல இருக்கிற அந்த ரசமட்டம்.”

“அது எனத்துக்கு?”

நான் அந்தக் குமிழியைப் பார்த்தேன். மகள் தலை குனிந்துகொண்டாள். அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்துவந்து, தானே கழற்றிக் கொடுத்தார்.

“கட சரிஞ்சு கொத்தெல்லாம் ரோட்டுல கொட்டினா ஒங்களத்தான் புடிப்பன்” என்றார். மகள் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

வெள்ளைத் துணி கொண்டுபோயிருந்தேன். அதில் ரசமட்டத்தைச் சுற்றி முடிந்தேன். “வாங்க, வீட்டுக்குப் போவோம்” என்று சத்தம் வராமல் சொன்னேன். லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் நடந்தேன். பின்னால் லொறி உறுமியது. கொக்கியில் இரும்பு மாட்டும் சத்தம் கேட்டது. மண்ணில் புதைந்திருந்த சக்கரங்கள் பெயர்ந்து உருண்டதும் கேட்டது. அத்தனை வருடம் சோறு போட்டு வளர்த்ததுபோல் பார்த்துக்கொண்ட அந்த வீடு போவதை நான் பார்க்கவில்லை. திரும்பக் கூடாது.

மறுநாள் மழை. ரசமட்டத்தை விளக்கு மாடத்துக்கு மேல் ஆணி அடித்து மாட்டினேன். லயத்துச் சுவர் எங்கே நேராக இருக்கிறது, குமிழி ஓரமாகப் போய் நின்றது. மகள் அட்டையை மடித்துச் செருகி அதை நடுவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். இருக்கட்டும் என்றேன். பிறகு மடுவத்துக்குப் போனேன். மழை என்பதால் நாலு பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள்.